செம்மண் பூசிய கிடா

புதுக் கிடா வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து சிப்ரியானா ஒரு கிண்ணம் சூப்பை உட்கார்ந்து குடித்தவள் இல்லை. கிண்ணத்தைக் கையில் எடுப்பாள், வாசலுக்கு வருவாள், சின்னப் பட்டியின் கல்சுவருக்கு மேலே தெரிகிற அந்த நீளக் கழுத்தைப் பார்ப்பாள். சூப்பு ஆறிப்போகும். லாமா ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றது. அது சும்மா நிற்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரி மாதத்து இடியில் அவளுடைய பழைய பொலிகிடா மேய்ச்சலிலேயே செத்து விழுந்தது. பட்டியில் முப்பது பெட்டைகளுக்கு மேல் நின்றன, ஒரு கிடா இல்லை. அந்த உயரமான மலைநாட்டில் பெட்டைகளுக்குக் கிடா சேர்ப்பது இந்த மழைக்காலத்தில்தான். இதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம் ஒரு குட்டி கூடத் துள்ளாது. அதனால்தான் கார்னிவல் வாரத்தில், ஊரே சோளக் கள்ளான சிச்சாவைக் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தபோது, அவள் ஆறு மணி நேர நடையில் இருந்த எவாரிஸ்தோ அண்ணனிடம் போய் இரண்டு பெட்டைகளைக் கொடுத்து இந்தச் செவலைக் கிடாவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கொடுத்த இரண்டில் ஒன்று வெள்ளைக்காலி. அது நல்ல பெட்டை. இன்னொன்று சாம்பல்மூஞ்சி, நிறைசினை, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுக்கு இரண்டாக லாபம். ஆனால் அது போன வருஷம் போட்ட குட்டி செத்துத்தான் பிறந்தது. அதற்கு முந்தின வருஷத்துக் குட்டியும் செத்துத்தான் பிறந்தது. இதை சிப்ரியானா அங்கே வாயைத் திறந்து சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்பதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. கார்னிவல் வாரத்தில் எல்லோரும் தங்கள் லாமாக்களின் காதில் குஞ்சம் கட்டி, கழுத்தில் பட்டை போட்டு, முதுகிலும் விலாவிலும் செம்மண் குழைத்துப் பூசுவார்கள். அந்த வாரத்தில் எந்த லாமாவின் குறையையும் வாயால் சொல்லக் கூடாது. அதோடு, பூசிய செம்மண் மழையில் தானாகக் கரைகிற வரைக்கும் அதன் மேல் மனுஷக் கை படக் கூடாது, குஞ்சத்தையும் பட்டையையும் கழற்றக் கூடாது. கை பட்டால் பட்டியின் அதிர்ஷ்டம் அந்தக் கையோடு போய்விடும் என்பார்கள். இப்படி வாயையும் கையையும் கட்டிப்போட்டு வைத்திருக்கிற வாரத்தில் யாராவது மாற்று வியாபாரம் பேசுவார்களா? கிடா இல்லாதவள் பேசுவாள். சொத்தைப் பெட்டை ஒன்றைத் தள்ளிவிட வேண்டியவள் இன்னும் ஆசையாகப் பேசுவாள்.

அவள் புருஷன் நெமேசியோ அன்று பட்டியை எண்ணிப் பார்த்துவிட்டு, "சாம்பல்மூஞ்சியையா தள்ளிவிட்ட? கெட்டிக்காரிதாண்டி நீ," என்று முதுகில் தட்டினான். அப்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் செவலையைப் பார்க்கப் போனபோது ஒரு எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. நான் அவரை ஏமாற்றியிருக்கிறேனே, அவர் மட்டும் என்னை ஏன் ஏமாற்றியிருக்க மாட்டார்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவள் கண் அந்தக் கிடாவை விட்டு நகரவில்லை. மந்தையோடு சேர்க்காமல், தனியாக இருந்த சின்னப் பட்டியில் நிறுத்தினாள். துணை இல்லாமல் லாமா வாடிப்போகுமே என்று சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு கிழட்டுப் பெட்டைகளையும் விட்டு வைத்தாள். செவலை அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கிழக்கே, எவாரிஸ்தோ அண்ணன் வீட்டுத் திக்கைப் பார்த்து நின்றுகொண்டு மூக்காலேயே ம்ம், ம்ம் என்று முனகியது.

"ஊர் ஏக்கம்டி," என்றான் நெமேசியோ. "மந்தையில சேத்து விடு. நாலு பொட்டையப் பாத்தா ஏக்கமெல்லாம் பறந்துரும்."

"ஏக்கத்துக்கு எச்சி ஒழுகுமா? இடது பக்கம் ஒழுகுது பாரு."

"உன்னப் பாத்தப்ப எனக்குந்தான் ஒழுகுச்சு."

"விளையாடாத. அதுக்கு என்னமோ கோளாறு இருக்கு."

"தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க."

"இது தானமா வரல. ரெண்டு பொட்டையக் குடுத்து வாங்குனது."

"ஒண்ணரைப் பொட்டைன்னு சொல்லு," என்று சிரித்துக்கொண்டே அவன் உருளைக்கிழங்கு வயலுக்குப் போய்விட்டான்.

இரண்டாம் நாள் அவள் சுவரோரம் உட்கார்ந்து செவலை அசைபோடுவதை எண்ணினாள். நல்ல லாமா தொண்டையிலிருந்து ஒரு கவளத்தை எடுத்தால் ஐம்பது, அறுபது தடவை மென்றுவிட்டுத்தான் விழுங்கும். செவலை இருபது வரைக்கும் மென்றது, நிறுத்தியது, தலையை ஒருபக்கமாகச் சாய்த்தது, பாதி மென்ற பச்சைக் கவளத்தைக் கீழே போட்டது. ஒருவேளை நான் பார்ப்பதால்தான் மெல்லவில்லையோ என்று சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எண்ணினாள். பதினெட்டு.

மூன்றாம் நாள் புழுக்கையைப் பார்த்தாள். லாமாக்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும், அதனால் தேட வேண்டிய வேலை இல்லை. மந்தையின் புழுக்கையில் ஒன்றையும் செவலையின் புழுக்கையில் ஒன்றையும் எடுத்து நகத்தால் பிளந்தாள். மந்தையினுடையது மாவு மாதிரி உதிர்ந்தது. செவலையினுடையதில் விரல்கடை நீளத்துக்குப் புல் தண்டு அப்படியே கிடந்தது. கழிச்சல் இல்லை, பூச்சி இல்லை. அப்படியானால் வயிற்றில் கோளாறு இல்லை, மெல்லுகிற இடத்தில்தான் கோளாறு.

நான்காம் நாள் காலையில் மெல்லிய பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் காட்டினாள். செவலை உதட்டை வைத்தது, சுருக்கென்று பின்வாங்கியது, மறுபடி வைத்தது, மறுபடி பின்வாங்கியது. மத்தியானம் வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பான பிறகு அதே தொட்டியில் மளமளவென்று குடித்தது.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது. பார்க்காதது ஒன்றுதான். லாமாவுக்கு உடம்பில் என்ன குறை இருந்தாலும் முகத்தில் காட்டாது. செத்து விழுகிற வரைக்கும் நிமிர்ந்தே நிற்கும். ரோமம் வேறு எலும்பை மூடிக்கொண்டிருக்கும். நடுமுதுகில் கையை வைத்து அழுத்திப் பார்த்தால்தான் சதை இருக்கிறதா இல்லையா என்று தெரியும். செவலையின் நடுமுதுகிலோ உள்ளங்கை கனத்துக்குச் செம்மண் இருந்தது. மழையாவது வந்து தொலைக்கிறதா என்றால், சஹாமா மலையின் உச்சியில் ஒரு துண்டு மேகம் வந்து நிற்கும், நின்று பார்க்கும், திரும்பிப் போய்விடும். அவள் மேகத்தைத் திட்டினாள், கிடாவைத் திட்டினாள், எவாரிஸ்தோ அண்ணனைத் திட்டினாள். தன்னை மட்டும் திட்டவில்லை.

ஐந்தாம் நாள் பக்கத்தில் போனபோது செவலையின் வாயிலிருந்து நாற்றம் அடித்தது. அழுகின கிழங்கின் நாற்றம். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, பூமித்தாயிடம் இரண்டு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு, செம்மண்ணின் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சதை மேடாக இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்தான் இருந்தது. எலும்பு முள்முள்ளாக விரலில் குத்தியது. இது ஐந்து நாளில் வந்த மெலிவு இல்லை. கழுத்துப் பட்டையைத் தூக்கி, தாடைக்கு அடியில் தொங்கின குஞ்சக் கொத்தை ஒதுக்கினாள். இடது தாடையில் ஒரு சின்ன உருளைக்கிழங்கு அளவுக்குக் கட்டி, தொட்டால் சுட்டது. பல்வேரில் சீழ் கோத்திருக்கிறது.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பார்த்தாயா, நானும் ஏமாந்துதான் போயிருக்கிறேன், கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு கேவலமான நிம்மதி. அது ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. கணக்கு நேரானால் பட்டியில் கிடா வந்துவிடுமா? மெல்ல முடியாமல் மெலிந்து நிற்கிற இது முப்பது பெட்டைகளை எப்படித் தாங்கும்?

நெமேசியோ வயலிலிருந்து திரும்பியபோது அவள் இரண்டு உள்ளங்கையும் சிவப்பாக இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"தொட்டுட்டியா?"

"தொட்டேன். தாடையில இந்தத் தண்டிக் கட்டி. நாளைக்கு விடியறதுக்குள்ள இத ஓட்டிட்டுப் போயி, அவருகிட்ட விட்டுட்டு, என் பொட்டைகளத் திரும்ப வாங்கிட்டு வரப் போறேன். அப்புறம் வேற எங்கயாச்சும் கிடா தேடணும்."

"சாம்பல்மூஞ்சியயுமா?"

"அதையுந்தான்."

"நீ போறதுக்குள்ள அது குட்டி போட்டிருந்தா?"

அதைத்தான் அவள் ஐந்து நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணக்கில் இன்னும் ஒரு வாரம் இருந்தது. குட்டி வயிற்றில் இருக்கும்போதே போய்விட்டால், கட்டியைக் காட்டி, குரலை உயர்த்தி, இரண்டு பெட்டைகளையும் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. குட்டி செத்து விழுந்த பிறகு போனால் அவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கட்டியைக் காட்டுவாள்?

மறுநாள் வழியெல்லாம் அவள் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். 'அண்ணே, உங்கள நம்பித்தானே வந்தேன்' என்று தொடங்கினால் நன்றாக இருந்தது. 'நம்பி' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நாக்கு இடறியது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு எதிரே வந்த ஒவ்வொரு மேய்ப்பனைப் பார்த்தும் பயமாக இருந்தது, எங்கே 'எவாரிஸ்தோ வீட்டில் குட்டி செத்துப்போச்சாமே' என்று சொல்லிவிடுவானோ என்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை. செவலை மட்டும் வீட்டு வாசம் பிடித்து நடையை எட்டிப்போட்டது. அவளும் ஓட்டமும் நடையுமாகக் கூடப் போனாள்.

எவாரிஸ்தோ வீட்டில் அடுப்புப் புகை இல்லை. அவர் பட்டிச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது மனுஷன், நல்ல உயரம். இப்போது பாதியாகச் சுருங்கியிருந்தார். அவர் மனைவி பசீலியா வாசற்படியில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். பட்டிக்குள்ளே சாம்பல்மூஞ்சி நின்றது. வயிறு ஒட்டியிருந்தது. மூலையில் எதுவோ துணியால் மூடிக் கிடந்தது. அதன் மேல் படையலாகக் கோக்கா இலை நாலைந்து கிடந்தன. சாம்பல்மூஞ்சி அந்தத் துணியை முகர்ந்து பார்த்து முனகிக்கொண்டிருந்தது.

சிப்ரியானா செவலையின் கழுத்துப் பட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

எவாரிஸ்தோ அவளைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "வாம்மா. சேதி கேட்டுத்தான் வந்திருப்ப. நானே வரணும்னு இருந்தேன், காலு வரல. கிடாவயும் திருப்பி ஓட்டிட்டு வந்துட்டியா? நியாயந்தான். உன்மேல தப்பில்ல."

"அண்ணே…"

"நான் சொல்லிடறேன். நீ குடுத்த மறுநாளே நான் அது வயித்துல கைய வச்சேன். குட்டி நேரா கெடக்கா, குறுக்க கெடக்கான்னு பாக்கணும்னு ஒரு ஆசை. விலாவுல இருந்த செம்மண்ணு மேலயே வச்சு அழுத்திட்டேன். மழ வரட்டும்னு பொறுத்திருக்கலாம். பொறுக்கல. முந்தாநாளு குட்டி விழுந்துச்சு. மூச்சு இல்ல. என் கையால போயிருச்சும்மா."

வாசற்படியிலிருந்து பசீலியா திரும்பாமலேயே சொன்னாள்: "கைய வச்சது மட்டுமா? அப்படியே உள்ள வந்து அந்தச் செவப்புக் கையோட ரொட்டியப் பிச்சுத் தின்னாரு. எங்க பட்டியில இனிமே எது உருப்படும்?"

அடுப்பில் ஏன் புகை இல்லை என்று சிப்ரியானாவுக்கு இப்போது புரிந்தது. புருஷன் மேல் இருந்த கோபத்தில் பசீலியா சமைக்கவில்லை.

"ரெண்டு பொட்டையையும் ஓட்டிட்டுப் போ," என்றார் எவாரிஸ்தோ. "செத்த குட்டிக்கு ஈடா ஏதாச்சும் நான் குடுக்கணுமில்ல. அந்தக் கறுப்புக் கிடாவயும் புடிச்சுட்டுப் போ. மூணு வயசு. இந்த வருஷத்துக்கு உன் மந்தைக்கு அது போதும். என்னையத் திட்டாம போனீன்னா அதுவே பெரிய உபகாரம்."

கறுப்பன் சுவருக்கு அருகே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. சிப்ரியானா வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். ஐம்பத்து நாலு. கண்ணில் நீர் இல்லை, உதட்டில் எச்சில் இல்லை. கால் நாலும் ஒழுங்காக மடங்கியிருந்தது. அவள் ஒன்றும் பேச வேண்டாம். தலையைக் குனிந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும். முப்பது பெட்டைகளும் சினையாகிவிடும். வீட்டில் நெமேசியோ இன்னொரு தடவை முதுகில் தட்டுவான்.

எவாரிஸ்தோ தன் வலது கையை இடது கையால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ அதை வெட்ட வரப்போகிற மாதிரி.

"அண்ணே, உங்க கையால இல்ல," என்றாள் சிப்ரியானா.

"ஆறுதலுக்குச் சொல்ற."

"ஆறுதலும் இல்ல ஒண்ணும் இல்ல. போன வருஷமும் அதுக்குச் செத்துத்தான் பொறந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களுக்குக் குடுத்தேன்."

நூல் தக்கிளி தரையில் விழுந்து உருண்டது. திட்டு வரப்போகிறது என்று சிப்ரியானா பல்லைக் கடித்துக்கொண்டாள். எவாரிஸ்தோ திட்டவில்லை. அவர் முகம் கோணியது. ஒரு எட்டு முன்னால் வந்து, குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

"நெசமாவா? என் கையால இல்லயா?"

"இல்லண்ணே."

"ரெண்டு தடவையா? அப்ப நான் தொடாம இருந்தாலும்…"

"தொடாம இருந்தாலும் செத்துத்தான் விழுந்திருக்கும்."

"பசீலியா, கேட்டியா? என் கையால இல்லயாம்."

அவர் கோபப்பட்டிருக்கலாம். கல்லை எடுத்து எறிந்திருக்கலாம். அதை எல்லாம் வாங்கிக்கொள்ள அவள் தயாராகத்தான் நின்றாள். அந்த மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சந்தோஷப்பட்டதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வெட்கம் அவள் காது வரைக்கும் ஏறியது.

பசீலியா எழுந்து வந்தாள். புருஷனைத் தாண்டி வந்து சிப்ரியானாவின் முன்னால் நின்றாள். "அந்தக் கறுப்பன அவுக்காதீங்க," என்று அவரிடம் சொன்னாள். பிறகு சிப்ரியானாவின் சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்தாள். "நீயும் தொட்டிருக்க. எதுக்கு?"

"செவலைக்குத் தாடையில கட்டி, மதினி. பல்லுவேர்ல சீழு. இருபது மெல்லுக்கு மேல முடியல அதுக்கு. குளுந்த தண்ணி பட்டா கூசுது. முதுகுல சதையே இல்ல. அதச் சொல்லிச் சண்ட போட்டு, பொட்டைகள ஓட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

எவாரிஸ்தோ வந்து குஞ்சத்தை ஒதுக்கித் தாடையைத் தடவிப் பார்த்தார். "அட, ஆமா," என்றார். "எனக்கு இது தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

உண்மையோ பொய்யோ, சிப்ரியானாவுக்குத் தெரியவில்லை. மெலிவு மாசக்கணக்கில் பழையது, மேய்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று ஒரு கேள்வி வாய்வரைக்கும் வந்தது. அதைக் கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

"யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாதுன்னு அப்புறம் பேசலாம். அது வாயில்லாத சீவன், அதுக்கு நோவுது," என்று பசீலியா உள்ளே போனாள். கத்தியும், உப்புத் தண்ணீரும், கந்தல் துணியும் கொண்டுவந்தாள். செவலையை மடக்கி உட்கார வைத்து முன்னங்காலைக் கட்டினார்கள். "கழுத்த நீ புடி," என்றாள் சிப்ரியானாவிடம். "ஆறு நாள்ல எங்க கிடா வாய்க்குள்ள இருக்கறது வரைக்கும் பாத்துட்ட. நல்ல கண்ணுதான். ரெண்டு வருஷமா உன் பொட்டை வயித்துல பாத்தத மட்டும் உன் வாயி சொல்ல மாட்டேன்னுருச்சு. வேல முடிஞ்சதும் ரெண்டு பொட்டையையும் ஓட்டிக்கிட்டுக் கெளம்பு. எங்க கிடா எதுவும் இனி உன் மந்தைக்கு வராது."

"சரி, மதினி."

கத்தி பட்டதும் செவலை திமிறியது. சிப்ரியானா அதன் கழுத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வேறு கிடா தேடிப் பிடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும், அடுத்த வருஷம் தன் பட்டியில் குட்டி இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குச் சரியாக உறைத்தது. சீழ் வழிந்தது. எவாரிஸ்தோ அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். எடுத்துக்கொண்டே, இவர்கள் இரண்டு பேரிடமும் சொல்லாமல், தனக்கு மட்டும் கேட்கிற குரலில், "என் கையால இல்ல, என் கையால இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.